இடுப்பில் மட்டும் மூன்று விரல்

அன்புள்ள ஊசிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, தம்பி மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் அப்படித்தானே என்று அடுத்த வரி எழுத வேண்டும், எழுதக் கை வரவில்லை. நீ சுகமாக இல்லை என்பது நேற்று மத்தியானத்திலிருந்து எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று பிறகு சொல்கிறேன், முதலில் இதைக் கையில் வைத்துக்கொண்டு எங்காவது உட்கார். நின்றுகொண்டு படிக்காதே. போனில் சொல்லியிருக்கலாமே, இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுவார்கள் என்று கேட்பாய். போனில் உன்னிடம் பேசி ஜெயித்தவன் எவன்? நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சிரிப்பு சிரித்து, 'அப்பா, சிக்னல் விட்டு விட்டு வருதுப்பா' என்று வைத்துவிடுவாய். இந்தக் காகிதத்தில் சிக்னல் போகாது. உன் சிநேகிதி நெட்டை நாளைக் காலை விமானத்தில் திரும்புகிறாள், சாயங்காலம் உங்கள் அறைக்கு வந்ததும் கொடுத்துவிடுவாள்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடி வீட்டுக்காரி துணியைப் பிழியாமல் காயப்போட்டு, சொட்டுகிற தண்ணீரெல்லாம் நம் வாசலில்தான் விழுகிறது, அதற்காகத் தினமும் ஒரு சண்டை, அதுவே அவளுக்கு உடற்பயிற்சி. தம்பி டயர் கடை வேலையை விடவில்லை, ஆச்சரியம்தான். கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் தட்டில் கை வைத்து உன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். கடையில் வேலை குவிந்து கிடக்கிறது, பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற மாதம், முன்னறை முழுக்க ஒரே நீலத் துணி. பெரிய மெஷின் பெல்ட் அறுந்து போய் மாற்றினேன். எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் நேற்றுக்கூட 'என்ன டெய்லரே, உங்க பொண்ணு இப்ப எந்த நாட்டு மேல பறக்குது' என்றார். நான் ஏதோ ஒரு நாட்டின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நெட்டை வந்தாள். உன்னோடு ஒரே அறையில் இருக்கிறவள், உன்னோடு ஒரே விமானத்தில் தள்ளுவண்டி தள்ளுகிறவள், அவளை நான் என் பிள்ளையாகத்தான் நினைக்கிறேன். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தாள், உன் அம்மா வழக்கம்போல 'இன்னும் வளர்றியாடி' என்றாள், ஒரே சிரிப்பு. நீ கொடுத்தனுப்பிய பையைப் பிரித்தேன். உன் யூனிஃபார்ம் கோட் இரண்டு, பாவாடை இரண்டு, கூடவே உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. 'அப்பா, கொஞ்சம் குண்டாயிட்டேன், இடுப்புல மட்டும் மூணு விரல் தளர்த்திக் கொடுங்க, முதுகுப் பக்கம் லைனிங் கொஞ்சம் கனமா வைங்க, அங்க இருக்கிற டெய்லர் கெடுத்துடுவான்.' எனக்குப் பெருமை தாங்கவில்லை. உலகமெல்லாம் சுற்றுகிறவள் கோட்டைப் பிரிக்க அப்பனைத்தான் தேடுகிறாள் என்று உன் அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினேன்.

பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. குண்டாகிறவர்களுக்கு இடுப்பு மட்டுமா பெருக்கும்? கை பிடிக்கும், தோளில் இழுக்கும், மார்புப் பொத்தான் வாய் பிளக்கும். நீ ஒன்றையும் தொடச் சொல்லவில்லை. விலாவுக்குக் கீழே ஆரம்பித்து இடுப்பெலும்பு வரை நேராக ஒரே சுற்று, அதற்கு மட்டும் இடம் கேட்டிருக்கிறாய், முதுகில் எதுவும் துருத்திக்கொண்டு தெரியாதபடிக்குக் கனமாக லைனிங் வேறு. இதே மாதிரி ஒருவருக்கு நான் சட்டை தைத்திருக்கிறேன். லாரி ஓட்டுகிறவர், முதுகெலும்பு அறுவை ஆனவர், பட்டையான பெல்ட் ஒன்றை உள்ளே கட்டிக்கொண்டு அதற்கு மேல் சட்டை போடுவார். அவருக்கு எங்கெல்லாம் தளர்த்தினேனோ அங்கெல்லாம்தான் நீயும் கேட்டிருக்கிறாய்.

நெட்டையைக் கடைப்பக்கம் கூப்பிட்டு, அளவு சரிபார்க்கிற மாதிரி கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன், அவள் உள்ளே என்னம்மா கட்டுகிறாள் என்று. முதலில் 'அட போங்க அங்கிள், நல்லா சாப்பிடுறா, அவ்ளோதான்' என்றாள். அவள் உன் அளவுக்குப் பொய் சொல்லத் தெரிந்தவள் இல்லை. நான் கோட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான், சீருடைத் துணிமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உன் அம்மா டீ கொண்டு வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் நீயும் இப்படித்தானே வீடியோவில் எங்களுக்குச் சிரித்துக் காட்டியிருக்கிறாய் என்று புரிந்தது. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஹோட்டல் படியில் வழுக்கிவிட்டேன், லேசான பிடிப்பு என்றாய். நாங்களும் நம்பினோம், உன் அம்மா 'பார்த்து நடக்கக் கூடாதாடி' என்று உன்னைத் திட்டவும் செய்தாள். நடந்தது என்ன என்று எனக்கு இப்போது தெரியும். வெளியே மேகம்கூட இல்லையாம், பளிச்சென்ற வெயிலாம். பெல்ட் விளக்கு எரிந்ததும் பயணிகள் எல்லாரையும் உட்கார வைத்துவிட்டு ஒவ்வொரு வரிசையாக நின்று, பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போயிருக்கிறாய். அது உங்கள் வழக்கமாம். விளக்கு எரிந்தால் அது பயணிகளுக்கு, விமானி தனியாக உட்காரச் சொல்கிறவரை நீங்கள் வேலையை முடிக்க வேண்டுமாம், ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தால் வேலை முடியாதாம். கடைசி வரிசையில் ஒரு பெரியவர் மாத்திரை போடத் தண்ணீர் கேட்டார், நீ ஊற்றிக்கொண்டிருந்தாய். அப்போது விமானம் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போன மாதிரி கீழே இறங்கியது, நீ மேலே போனாய். கூரையில் தலை இடித்து, இருக்கையின் கைப்பிடிமேல் முதுகு விழுந்து, அதிலிருந்து தரையில். நீ சின்ன வயதில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தாலே உன் அம்மா தெருவைக் கூட்டிவிடுவாள்.

அந்தப் பெரியவருக்கு ஒரு கீறல்கூட இல்லையாம். நல்லதுதான், அவர் என்ன செய்வார். அடுத்து நெட்டை சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தரையில் கிடந்துகொண்டே பாவாடையைச் சரி செய்துவிடச் சொன்னாயாம், 'எல்லாரும் பெல்ட் போட்டிருக்கீங்களா' என்று கேட்டாயாம். சரி, அது பதற்றம், விடு. விமானம் இறங்கியதும் ஸ்ட்ரெச்சர் வந்து நின்றிருக்கிறது, நீ எழுந்து, உதட்டுச் சாயத்தைச் சரி பண்ணிக்கொண்டு, வாசலில் போய் நின்று, இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லியிருக்கிறாய். பயணிகள் இறங்கிய பிறகுதான் நாங்கள் இறங்குவோம், அது எங்கள் முறை என்றாயாம். முதுகெலும்பு விரிசல் விட்டிருக்கிறது, அதை வைத்துக்கொண்டு கை கூப்பி நின்றிருக்கிறாய். அப்படி நின்றதில்தான் விரிசல் விட்ட எலும்பு இன்னும் அமுங்கியது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம். நான் நெட்டையைப் பார்த்து, ஏம்மா, உங்களில் ஒருத்திக்குக்கூட அவளைப் பிடித்து இழுத்துப் படுக்க வைக்கத் தோன்றவில்லையா என்று கத்திவிட்டேன். பாவம், அவள் கையிலும் தையல் போட்ட தழும்பு இருந்தது, நான் பிறகுதான் பார்த்தேன்.

இதற்கெல்லாம் மேலே கம்பெனியில் ஒரு கேள்வி கேட்டார்களாம், பெல்ட் விளக்கு எரியும்போது நீ ஏன் நின்றாய் என்று. நீயும் என் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாயாம். ஏன்டி? உட்கார்ந்துகொண்டே அடுத்தவன் பெல்ட்டை எப்படிப் பார்ப்பது என்று திருப்பிக் கேட்க உனக்கு வாய் இல்லையா? என்னிடம் மட்டும் ஊசி மாதிரி குத்துவாய், அதற்காகத்தான் அந்தப் பேரே வைத்தேன், அங்கே போய் அந்த ஊசி எங்கே தொலைந்தது?

இதெல்லாமாவது நடந்து முடிந்தது. இனிமேல் நடக்கப்போவதைத்தான் தடுக்க வேண்டும். எலும்பு கூடிவிட்டது என்று காகிதம் வாங்கிவிட்டாய். ஆனால் அதற்குப் பிறகு உன் இடது கால் மரத்துப்போக ஆரம்பித்திருக்கிறது, அதை நீ கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. நெட்டை உன்னை வெளியே வேறு ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அவர் நரம்பு நசுங்குகிறது, உடனே கவனித்தால் காப்பாற்றலாம், இப்படியே பறக்கப் போய் இன்னொரு தடவை விழுந்தால் அந்தக் கால் திரும்பாது என்று சொல்லியிருக்கிறார். நீ என்ன செய்தாய்? அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாய். மறுபடி பறக்க விடுவதற்குத் திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் முன்னால் நுனிக்காலில் நடந்து காட்ட வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று தினமும் பழகுகிறாயாம், இடது கால் தடுமாறினால் எப்படிச் சமாளிப்பது என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்கிறாயாம். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டே சமையலறைக்குப் போனாயே, ஒரு செருப்பு பாதி வழியில் கழன்று கிடந்தது, உனக்குத் தெரியவே இல்லை. உன் அம்மா 'ஒத்தச் செருப்போட திரியுறா பாருங்க' என்று விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன். செருப்பு கழன்றது ஒரு மனுஷிக்குத் தெரியாமல் போகுமா? நேற்றிலிருந்து அதேதான் கண்ணுக்குள் நிற்கிறது.

உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று தெரியாதவன் இல்லை நான். முதல் நேர்முகத்துக்குப் போட்டுக்கொண்டு போன கோட்டை நான்தான் தைத்தேன், அதைப் போட்டுக்கொண்டு நம் கடைக் கண்ணாடி முன் நீ திரும்பித் திரும்பி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வேலை போய்விட்டால் வீட்டில் வந்து என்ன செய்வேன், பொத்தானுக்குக் காஜா எடுக்கவா என்று நெட்டையிடம் கேட்டாயாம். எடு. என்ன குறைந்துபோய்விடும்? இல்லை, அதுவும் வேண்டாம், சும்மா உட்கார்ந்து என்னோடு சண்டை போடு, உன் அம்மா நூறு பேச்சுப் பேசுவாள், மாடி வீட்டுக்காரியோடு அவளுக்குத் துணைக்கு ஆளாச்சு. தரையில் வேலை கொடுப்பார்களாம், டிக்கெட் பார்க்கிற இடத்தில், புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்தில், நெட்டை சொன்னாள். கொடுக்காவிட்டால் போகட்டும். கெஞ்சுகிறேன் ஊசி. உன் அப்பன் வாடிக்கைக்காரனிடம்கூடக் கெஞ்சினவன் இல்லை. திங்கட்கிழமை அந்த டாக்டரிடம் நீயே வாயைத் திறந்து, எனக்கு இடது கால் மரத்துப்போகிறது என்று ஒரே ஒரு வரி சொல்லிவிடு. யூனிஃபார்மை நான் பிரிக்கவில்லை, இங்கேயே இருக்கிறது, நெட்டையிடம் கொடுத்தனுப்ப மாட்டேன். நீ வேறு டெய்லரிடம் போவாய், தெரியும். அதனால்தான் கெஞ்சுகிறேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து முதலிலிருந்து படித்தேன். படிக்கப் படிக்க நீ இதை எப்படிப் படிப்பாய் என்று கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. கொஞ்சம் அழுவாய். அப்பா ரொம்பப் பயந்துட்டார் என்று நெட்டையிடம் சொல்வாய். எனக்குப் போன் பண்ணி 'சரிப்பா, சொல்லிடுறேம்ப்பா, சத்தியமா' என்பாய். திங்கட்கிழமை நுனிக்காலில் நடந்து காட்டிவிட்டு வருவாய். உடைந்த முதுகோடு வாசலில் நின்று நன்றி சொன்னவள், ஒரு டாக்டர் முன்னால் பத்தடி நடக்க மாட்டாயா? நெட்டை ராத்திரி இங்கேயே தங்கிவிட்டாள், உள்ளே உன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, நீயாவது சொல்லும்மா என்றேன். 'சத்தியம் பண்ணிட்டேன் அங்கிள், நான் சொன்னா அப்புறம் அவ மூஞ்சில முழிக்க முடியாது' என்றாள். சரி, கம்பெனி டாக்டர் நம்பரையாவது கொடு, நான் எந்தச் சத்தியமும் பண்ணவில்லையே என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனைத் துழாவினாள். பிறகு கொடுத்தாள்.

செய்துவிட்டேன் ஊசி. உங்கள் கம்பெனி மருத்துவப் பிரிவுக்குப் போன் பண்ணிவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் உனக்குத் தெரியுமே, காலர், கஃப், பாக்கெட், அதைத் தாண்டினால் தடுமாற்றம்தான். அளவு எழுதுகிற தாளில் முன்னாடியே எழுதி வைத்துக்கொண்டு படித்தேன். மை டாட்டர், லெஃப்ட் லெக், நோ ஃபீலிங், ஷி நாட் டெல்லிங். ஒரு நர்ஸ் பேசினாள், நல்ல பெண், பொறுமையாகக் கேட்டாள். உன் வேலை எண்ணைக் கேட்டாள், கோட்டுக் கழுத்தில் நான் தைத்த துண்டிலேயே இருந்தது, பார்த்துச் சொன்னேன். ஆர் யூ ஷூர் சார் என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஐ ஆம் ஃபாதர் என்றேன். அவள் உன்னைப் பறக்கிற வேலையிலிருந்து இப்போதே நிறுத்தி வைப்பதாகவும், திங்கட்கிழமை ஸ்கேன் எடுத்து நரம்பு டாக்டர் பார்ப்பார் என்றும் சொன்னாள். அதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

போனில் நான் கத்திய சத்தத்தில் உன் அம்மா வந்துவிட்டாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று 'எந்தக் கால்' என்று மட்டும் கேட்டாள். இடது என்றேன். 'அன்னிக்கு நான் சிரிச்சேனேங்க' என்றாள். அழவில்லை, திட்டவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. இப்போது உள்ளே உட்கார்ந்து, லிஃப்டில்கூட ஏறப் பயப்படுகிறவள், நெட்டையிடம் விமானத்தில் ஏற என்னென்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நீ வராவிட்டால் அவள் வருவாளாம். வரட்டும், தம்பியைத் துணைக்கு அனுப்புகிறேன்.

உன் வேலையில் மண்ணைப் போட்டது நான்தான், வேறு யாரையும் குறை சொல்லாதே. நெட்டையோடு சண்டை பிடிக்காதே, அவள் கொடுக்கவில்லை, நான் பிடுங்கினேன். நீ என்னோடு பேசாமல் இருப்பாய், எத்தனை நாள் என்று தெரியாது, உன் பிடிவாதம் என்னிடமிருந்து வந்ததுதானே. போன் வரவில்லை என்றால் நானே நாலு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பேன், அது என் பாடு. ஆனால் திட்டுவதென்றால் போனில் திட்டாதே. காலைச் சரி பண்ணிக்கொண்டு, இந்த வாசல் வரைக்கும் நடந்து வந்து, என் எதிரே நின்று, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டு. நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேச மாட்டேன். நீ நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக இரு, உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, அம்மாவும் நானும் அதைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை. முதுகுக்குக் கட்டுகிற பெல்ட்டைத் தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் கட்டிக்கொள். குளியலறைக்குத் தனியாகப் போகாதே, கதவைத் தாழ் போடாதே. திங்கட்கிழமை ஸ்கேனுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா கூடாதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
நீ மன்னிக்காவிட்டாலும்
உன் அப்பா